அம்பாசடரைத் திருப்பிப் போடப்போகும் தம்பிக்கு

கிழக்கேகோட்டை, திருவனந்தபுரம்

அன்புள்ள தம்பிக்கு,

பழைய அம்பாசடரின் பாடியைத் தனியாகப் பிரித்துவிட்டாய், இனி அதை முழுவட்டமாகத் திருப்பி வேலை செய்ய ரொட்டிசெரி ஸ்டாண்டை நீயே செய்யப்போகிறாய் என்று எழுதியிருந்தாய். மனம் நிறைந்தது. அதை விலைக்கு வாங்குகிறவனுக்குத் தன் வண்டியின் எடை எங்கே நிற்கிறது என்பது கடைசிவரை தெரியாமலே போகலாம். செய்கிறவனுக்கு அது தெரிந்தே ஆக வேண்டும். பின்னால் தகடு வெட்டும்போதும் ஒட்டும்போதும் அந்த அறிவு உனக்குக் கைகொடுக்கும். ஆனால் இது சில நூறு கிலோ இரும்பை மனிதத் தலைக்கு மேல் நிறுத்தும் வேலை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் ஊரில் இந்த ஸ்டாண்டு ஆடம்பரமல்ல. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசியில் துலாமழை, சங்குமுகத்துப் பக்கமிருந்து ஆண்டு முழுக்க உப்புக்காற்று. மேலே பெயின்ட் மினுங்கும் வண்டியில் கால்மிதியைத் தூக்கினால் தரை தெரியும். அந்தத் துருவை மல்லாந்து படுத்துச் சரிசெய்யப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் தகட்டின் மேல் தகடு வைத்துப் பூசி முடித்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். உருகிய இரும்பு முகத்தில் சொட்டும் நிலையில் நல்ல வெல்டிங் வராது. பாடியைத் திருப்பிவிட்டால் அதே பாட்டம் உன் இடுப்புயரத்துக்கு வந்து நிற்கும். உருகிய உலோகம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும், உன் கண்ணும் மூட்டை விட்டு விலகாது.

எல்லா வண்டிக்கும் இது ஒரே மாதிரி பொருந்தாது என்பதையும் தெரிந்துகொள். சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குத் தனிச் சேசிஸ் உண்டு. பாடி அதன்மேல் போல்ட்டில் உட்காரும். அதன் பாடி பகுதி பகுதியாகக் கழலும் என்பதால் இவ்வளவு பெரிய ஸ்டாண்டு வேண்டியதில்லை. அம்பாசடர் அப்படியல்ல. மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3 காரிலிருந்து பிறந்து, 2014 மே மாதம் உத்தரபாரா ஆலை நிற்கும்வரை அது தனிச் சேசிஸ் இல்லாமல்தான் வந்தது. பாட்டமும், கதவுகளுக்குக் கீழே ஓடும் சில்லும், கூரையும் சேர்ந்துதான் அங்கே சேசிஸ். பிரீமியர் பத்மினியும் அந்த இனம். திருவிதாங்கூர் அரச குடும்பத்து உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா பல்லாண்டுகள் வைத்திருந்த, சி.ஏ.என். 42 என்ற எண் கொண்ட பென்ஸ் 180-ஐ நம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். பென்ஸ் நிறுவனம் தனிச் சேசிஸை விட்டு ஒற்றைக்கூடாகக் கட்டிய முதல் வகை அது. 1953இல் வெளிவந்தது. இந்த வகை வண்டிகளில் பாட்டத்தைத் தொடுவது எலும்பைத் தொடுவது.

எனவே முதல் வேலை ஸ்டாண்டு அல்ல, பாடிக்கு முட்டுக் கொடுப்பது. ஸ்டாண்டில் ஏறியதும் பாடி முன்னும் பின்னும் இரண்டே இடத்தில் தொங்கும். நடுவில் தாங்கல் இல்லை. சில் அழுகியிருந்தால் நடு இறங்கும், கதவு வாயின் மேல்பக்கம் நெருங்கும், கீழ்ப்பக்கம் விரியும். அந்த நிலையில் புதுச் சில் வைத்து ஒட்டினால் கோணலை நிரந்தரமாக்கிவிடுவாய். கதவுகளைக் கழற்றும் முன்பே இடைவெளிகளையும் குறுக்கு அளவுகளையும் எடுத்து நோட்டில் எழுதிவை. கதவுக் கீல் ஓட்டைகளில் போல்ட் போட்டு 25 மி.மீ. சதுரக் குழாயால் ஒவ்வொரு கதவு வாயையும் கட்டு. இடமிருந்து வலத்துக்கும் இரண்டு குறுக்குக் குழாய் வை. சில் மாற்ற வேண்டியிருந்தால் பாடி சமதளத்தில், சஸ்பென்ஷன் பிடிக்கும் இடங்களிலேயே தாங்கி நிற்கும்போது மாற்று. ஒரு பக்கம் முழுதாக முடிந்த பிறகே மறுபக்கத்தைத் தொடு. சில் இரண்டும் உறுதியான பின்புதான் பாடி ஸ்டாண்டுக்குப் போக வேண்டும்.

இரும்பு வாங்க நீ வெகுதூரம் போக வேண்டியதில்லை. திவான் ராஜா கேசவதாசர் காலத்தில் உருவான சாலைக் கடைத்தெரு உன் வாசலிலேயே இருக்கிறது. தூண் இரண்டுக்கும் 75 மி.மீ. சதுரக் குழாய் எடு. கனம் நான்கு மில்லிக்குக் குறைய வேண்டாம். ஒவ்வொரு தூணின் அடிக்கால்களும் பக்கவாட்டில் ஒன்றேகால் மீட்டராவது விரியட்டும். தூணும் அடியும் சேரும் மூலையில் முக்கோணத் தகடு வை. தூண்கள் இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று நகராதபடி, ஒன்றுக்குள் ஒன்று நுழையும் நீளக் குழாயால் தரையோரமாக இணைத்துவிடு. சக்கரம் வாங்கும்போது மொத்த எடையைச் சக்கர எண்ணிக்கையால் வகுத்துக் கணக்குப் போடாதே. தரை சமமில்லாவிட்டால் சில சக்கரங்கள்தான் சுமக்கும். சக்கரம் ஷெட்டுக்குள் நகர்த்துவதற்கு மட்டும். பாடியைத் திருப்பும்போது ஸ்டாண்டு திருகு ஜாக்கிகளின் மேல் நிற்க வேண்டும்.

அச்சுக்குக் குழாய்க்குள் குழாய் போதும். இரண்டரை அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 76 மி.மீ., மூன்று அங்குல பி கிளாஸ் குழாயின் உள்விட்டம் ஏறக்குறைய 81 மி.மீ. நடுவில் மிஞ்சும் இடைவெளியை அப்படியே விட்டால் பாடி ஒவ்வொரு திருப்பத்துக்கும் குதிக்கும். லேத்தில் இரண்டு புஷ் கடைந்து போடு, கிரீஸ் நிப்பிள் வை. ஜி.ஐ. குழாய் வேண்டாம், கறுப்புக் குழாயே வாங்கு. துத்தநாகப் பூச்சின்மேல் வெல்டிங் வைத்தால் எழும் வெண்புகை காய்ச்சலும் குளிருமாக ஆளைப் படுக்கவைக்கும்.

அச்சின் உயரத்தைப் பிறருடைய அளவிலிருந்து எடுக்காதே. அம்பாசடரின் அகலம் ஏறக்குறைய 1,660 மி.மீ. அச்சு வரப்போகும் இடத்திலிருந்து கூரை ஓரம், சில் ஓரம் எல்லாவற்றுக்கும் நூல் பிடித்துப் பார். மிக நீண்ட நூலோடு ஒரு சாண் சேர்த்தால் அச்சின் உயரம் கிடைக்கும். ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டி வரும். அதே அளவு அச்சுக்கு மேலேயும் வேண்டும் என்பதால் ஷெட்டின் உத்திரத்தையும் மறவாமல் அளந்துவிடு.

பாடியைப் பிடிக்கும் இடம் பம்பர் பிராக்கெட் உட்காரும் தண்டுகள். அங்கே துரு இருந்தால் அதைச் சரிசெய்த பிறகே மேற்கொண்டு போ. தலையில் 8.8 என்று பொறித்த போல்ட்டுகளையே பயன்படுத்து. பிடிக்கும் சட்டத்துக்கும் அச்சுக்கும் நடுவே உயரத்தை ஏற்றி இறக்கும் வசதி கட்டாயம் வேண்டும். சமநிலை அங்கேதான் அமைகிறது.

சமநிலை பார்க்கும் முறையை நிதானமாகப் படி. செயின் பிளாக்கில் தூக்கி ஸ்டாண்டில் மாட்டிய பிறகும் சங்கிலியை முழுக்க எடுக்காதே. தளர்த்தி மட்டும் வை. இரண்டு பேர் இரண்டு முனையிலும் நின்று பத்துப் பாகை மட்டும் சாய்த்துப் பாருங்கள். பழைய நிலைக்கே திரும்பி வந்தால் எடை அச்சுக்குக் கீழே இருக்கிறது, பாடியைக் கொஞ்சம் உயர்த்து. மேலும் சாய்ந்து ஓடப் பார்த்தால் எடை அச்சுக்கு மேலே இருக்கிறது. ஆபத்தான நிலை அதுதான். உடனே நிமிர்த்தி, பாடியை இறக்கு. விட்ட இடத்தில் நின்றால் சரி. எடை கீழே இருக்கும்படித் தொடங்கிப் படிப்படியாக ஏற்றி வருவது பாதுகாப்பு. இதை ஒருமுறை பார்த்து விட்டுவிடக் கூடாது. அழுகிய பாட்டத்தை வெட்டி எடுத்ததும் கீழ்ப்பக்கம் லேசாகி எடையின் மையம் மேலே போய்விடும். காலையில் அசையாமல் நின்ற பாடி மாலையில் உருள வரும். ஒவ்வொரு பெரிய வெட்டுக்குப் பிறகும் மறுபடி பார்.

நிறுத்தும் பூட்டை நம்பித்தான் நீ கீழே போகிறாய். பத்து மில்லித் தகட்டில் வட்டமாக 24 துளை போட்டால் 15 பாகைக்கு ஒரு நிலை கிடைக்கும். 20 மி.மீ. பின் போதும். பலர் ஒரு முனையில் மட்டும் பூட்டு வைக்கிறார்கள். அப்போது மறுமுனையின் முறுக்கம் முழுவதும் பலவீனமான பாடியின் வழியாகவே போகும். பூட்டு இரண்டு முனையிலும் இருக்கட்டும். திருப்புவதும் இரண்டு முனையிலிருந்தும் ஒரே நேரத்தில் நடக்கட்டும்.

வேலை தொடங்கியதும் சில ஒழுக்கங்கள். வெல்டிங்கின் எர்த் கிளாம்பைப் பாடியிலேயே, ஒட்டும் இடத்துக்குப் பக்கத்தில் மாட்டு. ஸ்டாண்டில் மாட்டினால் மின்சாரம் புஷ் வழியாகப் பாய்ந்து அதைப் பொசுக்கும். பெட்ரோல் டேங்கும் பைப்பும் ஷெட்டுக்குள்ளேயே இருக்கக் கூடாது. மெல்லிய தகட்டில் நீளமாக இழுக்காமல் புள்ளி புள்ளியாக, இடம் மாற்றி மாற்றி ஒட்டு. சுத்தம் செய்த தகட்டை இந்த ஈரக்காற்றில் இரவு முழுக்க வெறுமனே விடாதே. அன்றைக்குச் சுரண்டியதற்கு அன்றைக்கே எபாக்சி பிரைமர். கடைசியில், சில்லின் உட்குழிக்கு மெழுகு அடிக்கும்போது பாடியை நாலு பக்கமும் திருப்பு. அது உள்மூலைகள் வரை ஓடிச் சேரும். தண்ணீர் வடியும் துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்.

சட்டத்தையும் நினைவில் வை. 50 ஆண்டு தாண்டிய வண்டிகளைப் பாரம்பரிய வாகனமாகப் பதிவுசெய்ய 2021 ஜூலையில் மத்திய அரசு விதி வகுத்தது. சேசிஸிலோ பாடிக் கூட்டிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்யாத, அசல் வடிவில் பேணிய வண்டிக்கே அந்தத் தகுதி. உன் வண்டி அந்த வயதைக் கடந்தது. ஆகவே பழைய தகட்டின் வடிவத்தை அப்படியே பின்பற்று, உறுதிக்காக என்று புதுச் சேனல்களைச் சேர்க்காதே. சேசிஸ் எண் பொறித்த இடத்தில் கிரைண்டர் படக் கூடாது. வெட்டுமுன்னும் ஒட்டியபின்னும் படம் எடுத்து வை.

ஸ்டாண்டுக்கே ஒரு மாதம் போய்விட்டால் வருந்தாதே. அந்த மாதத்தை வேலையின் நேர்த்தி உனக்குத் திருப்பித் தரும். வேலை முடிந்ததும் அதை இரும்புக்குப் போடாமல், பத்மினி வைத்திருக்கும் அடுத்த பையனுக்குக் கொடு. கொடுக்கும்போது சமநிலை பார்க்கும் முறையையும் சேர்த்துக் கற்றுக்கொடு. இப்போது உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான்: இரண்டு முனையிலும் பின் விழுந்திருப்பதைக் கையால் தொட்டுப் பார்க்காமல், உன்னையும் சேர்த்து, யாரையும் அந்தப் பாடிக்குக் கீழே விடாதே.

அன்புடன்,
உன் அண்ணன்