95 சென்டிமீட்டரா, மில்லிமீட்டரா?

2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்து ஊர் இது. அங்கே ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் விழுந்த தண்ணீர் எவ்வளவு? ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். சதுர கிலோமீட்டர் என்பது 10 லட்சம் சதுர மீட்டர். ஆக, 95 கோடி லிட்டர்!

இதே கணக்கைப் பாபநாசம், அம்பாசமுத்திரம், ஸ்ரீவைகுண்டம் என்று ஊர் ஊராகப் போட வேண்டுமானால் கம்ப்யூட்டரிடம் விட்டுவிடலாம். பைத்தான் மொழியில் நாலைந்து வரிப் புரோகிராம் போதும். ஆனால் ஒவ்வொரு முறையும் புரோகிராமைத் திறந்து எண்ணை மாற்றினால், என்றாவது ஒரு நாள் சூத்திரத்தையே மாற்றிவிடுவோம். எண்களை வெளியிலிருந்து, கட்டளை வரியிலேயே கொடுப்பதுதான் முறை.

வெறுமனே '95 1' என்று கொடுக்கலாமா? எது மழை, எது பரப்பு என்பது வரிசையை நினைவில் வைத்திருப்பவருக்கு மட்டுமே தெரியும். மேலும் கம்ப்யூட்டருக்கு வந்து சேர்வது எண்ணன்று, எழுத்துத்தான். ஆகவே ஒவ்வொன்றுக்கும் பெயர் சூட்டுகிறோம்:

பைத்தான் மழை.பை --அளவு 95 --அலகு செமீ --பரப்பு 1

(முதற் சொல்லையும் கோப்பின் வாலையும் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். மற்றவை தமிழிலேயே இருக்கலாம்.)

இந்த வரியைப் பிரித்துப் படிக்கும் வேலைக்கு, பைத்தானோடு கூடவே வரும் 'ஆர்க்பார்ஸ்' என்ற நூலகத் தொகுதி இருக்கிறது. 2010-இல் வெளிவந்த பைத்தான் 2.7-இல் இது சேர்ந்தது. 'அளவு என்பது தசம எண். அலகு செமீ அல்லது மிமீ. பரப்பைச் சொல்லாவிட்டால் 1' என்று அதனிடம் ஒருமுறை அறிவித்துவிட்டால் போதும். யாராவது 'தொண்ணூறு' என்று எழுத்தில் தட்டினால், பிழையைச் சொல்லிப் புரோகிராமை நிறுத்திவிடும். '--பர' என்று சுருக்கினாலும் புரிந்துகொள்ளும். '--அ' என்றால்? அளவா, அலகா என்று தெரியாமல் மறுத்துவிடும்!

நான் முதலில் எழுதிய புரோகிராமில் அலகையும் சொல்லாமல் விடலாம் என்று வைத்திருந்தேன், விட்டால் மில்லிமீட்டர். ஒரு மாணவர் 95 என்று மட்டும் தட்டினார். விடை 9.5 கோடி லிட்டர். பிழைச் செய்தி ஏதும் இல்லை. பெருவெள்ளம் ஓர் ஐப்பசி அடைமழையாகச் சுருங்கிவிட்டது! பிறகு அலகைக் கட்டாயமாக்கினேன். 'விருப்பம்' என்று பெயர் வைத்துவிட்டுக் கட்டாயம் என்பது முரண்தான். அனுபவசாலிகள் முகம் சுளிப்பார்கள். ஆனாலும் பரப்பை ஊகிக்க விடலாம், அலகை விடக்கூடாது என்பது என் கட்சி.

ஆர்க்பார்ஸ் வடிவத்தைத்தான் சோதிக்கும், பொருளை அன்று. '--அளவு -5' என்று கொடுத்துப் பாருங்கள். மைனஸ் ஐந்தும் எண்தானே என்று ஏற்றுக்கொண்டுவிடும்! வானத்துக்கே திரும்பிப் போகும் மழை! அதைத் தடுக்க நாமே ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரியை எங்கே சேர்ப்பீர்கள் — மில்லிமீட்டராக மாற்றுவதற்கு முன்பா, பின்பா? இரண்டு விதமாகவும் எழுதிப் பாருங்கள்.