பெஞ்சில் இருந்தவன்

அச்சன்புதூர்

அன்பு மருமகனுக்கு,

மாமா எழுதுவது. மேக்கரைப் பக்கம் சாரல் பிடித்துவிட்டது. பள்ளிக்கூடத்துச் சிமெண்டுத் தளம் வழுக்குகிறதென்று பையன்கள் பந்தையே தொடவில்லை.

கல்லூரியில் உன்னைக் கூடைப்பந்து கோச்சாகக் கூப்பிடுகிறார்களாம். "பாதி நாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் நான், பையன்கள் மதிப்பார்களா" என்று நீ இழுக்கிறாயாம். உன் அம்மா சொன்னாள். மாஜிக் ஜான்சனைவிடப் பெரிய ஆட்டக்காரர் எத்தனை பேர்? 1994-இல் அமெரிக்காவில் லேக்கர்ஸ் அணிக்கு கோச்சாக வந்தவர், 16 ஆட்டத்தில் 11 தோற்று, போதுமடா சாமி என்று போய்விட்டார். தானாகக் கைக்கு வந்த வித்தையை அடுத்தவனுக்குச் சொல்லிக்கொடுக்கப் பொறுமை இருக்காது என்பது என் கணிப்பு.

ஸ்டீவ் கெர் வேறு மாதிரி. 1988-இல் அணிகள் புது ஆட்டக்காரர்களைப் பொறுக்கியெடுத்த தேர்வில் 50-ஆவது ஆள். 15 சீசன் ஆடினார், பெரும்பாலும் பெஞ்சிலிருந்து எழுந்துபோய்த்தான். ஆனாலும் ஐந்து முறை சாம்பியன் அணியில் இருந்தார். அந்தப் பெஞ்சில் கோச்சாக சிகாகோவில் பில் ஜாக்சன், சான் அன்டோனியோவில் கிரெக் போபோவிச். அவர்கள் எப்போது கத்துகிறார்கள், எப்போது வாயை மூடிக்கொள்கிறார்கள் என்று பார்க்க அதைவிட நல்ல இடம் ஏது?

2014-இல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியின் கோச் பொறுப்பு கைக்கு வந்ததும், அதுவரை ஆடிய ஆட்டமெல்லாம் முதல் ஐவரில் இறங்கிய இகுவோடாலாவைப் பெஞ்சில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்து பழகியவர் சொன்னதால்தான் அது எடுபட்டது என்று நினைக்கிறேன். 2015 இறுதிச்சுற்றில் கிளீவ்லேண்டிடம் 1-2 என்று பின்தங்கிய நேரம். வீடியோ பார்க்கும் உதவியாளர் நிக் யூரென், இளவயதுப் பையன், நடுநிசி தாண்டிக் குறுஞ்செய்தி அனுப்பினான்: நெட்டை ஆள் போகட்டை உட்காரவைத்துவிட்டு இகுவோடாலாவை முதலிலேயே இறக்கலாமே என்று. கெர் இறக்கினார். 103-82. அப்புறம் தோல்வியே இல்லை, கோப்பை வந்தது, இகுவோடாலாவே தொடரின் சிறந்த வீரர். யோசனை யூரெனுடையது என்று பத்திரிகைக்காரர்களிடம் பெயரோடு சொன்னார் கெர். நம் பக்கத்து கோச்சுகளில் எத்தனை பேருக்கு அந்த மனசு வரும், சொல்லு.

வேலையை ஒத்துக்கொள். முதல் வாரம் விசிலைப் பையிலேயே வை. பெஞ்சில் கிடக்கும் பையன்கள் பக்கத்தில் உட்கார்ந்து, ஆட்டத்தில் அவர்கள் கண்ணுக்கு என்ன படுகிறது என்று கேள். பாட்டியாலா என்.ஐ.எஸ். கோச்சிங் டிப்ளமோவைத் தள்ளிப்போடாதே, நாளைக்கு நிரந்தர வேலைக்கு அதைத்தான் கேட்பார்கள். சம்பளப் பேச்சில் கூச்சப்படாதே. கையெழுத்துப் போடுமுன் தாளை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு.

அன்புடன்,
மாமா