வசதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கல்லூரித் தோழியும் நீயும் காவிரிக் கரை ஊர்களில் ஒரு வாரம் சுற்றிவர ஆசைப்படுகிறீர்கள். ஆளுக்கு ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் எடுத்துவைக்க முடியவில்லை. அதனால் சம்பளம் கொஞ்சம் உயரட்டும், நல்ல ஹோட்டலும் வாடகைக் காருமாக அடுத்த வருஷம் நிம்மதியாகப் போய்க்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டுவிட்டீர்கள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவளோடு மனம்விட்டுப் பேசவே முடியவில்லை, பழைய நெருக்கம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது என்றும் அதே கடிதத்தில் எழுதியிருக்கிறாய். உன் பயம் நியாயமானது. தள்ளிப்போட்டதுதான் சரியில்லை. பேசுவதற்காகப் போகிற பயணம் என்றால், கையில் காசு குறைவாக இருக்கும் இந்தச் சமயமே அதற்கு ஏற்றது என்பது என் எண்ணம். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

பயணத்தில் நாம் கொடுக்கும் கூடுதல் பணம் எதை வாங்கித் தருகிறது என்று யோசித்துப் பார். உட்கார நல்ல இருக்கை, படுக்கச் சுத்தமான மெத்தை, இவை உடம்புக்கு வேண்டியவை. குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்கு மேலே போகப்போக நாம் வாங்குவதெல்லாம் மனிதர்கள் நம்மை நெருங்காமல் இருப்பதற்கான ஏற்பாடுகளைத்தான். ஆளுக்கொரு அறை, தனி வண்டி, ஏற்றிவிட்ட கண்ணாடி, அறைக்கே வரும் சாப்பாடு. வழியை டிரைவர் பார்த்துக்கொள்வார். எங்கே நிற்பது, எங்கே சாப்பிடுவது என்பதை யாரோ முன்பே முடிவு செய்திருப்பார்கள். இரண்டு பேர் கூடி யோசிக்க எதுவும் மிச்சமிருக்காது. பின் சீட்டில் ஆளுக்கொரு ஜன்னல், ஆளுக்கொரு போன் என்று உட்கார்ந்திருப்பீர்கள். செலவைக் குறைத்துப் போகும்போது ஒவ்வொன்றையும் சேர்ந்துதான் முடிவு செய்தாக வேண்டும். திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் கல்லணை பஸ்ஸுக்கு இன்னும் காத்திருப்பதா, திருவரங்கத்துக்குப் போய்விடுவதா. மத்தியானம் முழுச் சாப்பாடா, இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்வதா. ஒரே அறையில் காலையில் யார் முதலில் எழுந்து குளிப்பது. இந்தச் சின்ன முடிவுகளில்தான் ஒருத்தியின் பொறுமையும் ஆசையும் பிடிவாதமும் மற்றவளுக்குத் தெரியவருகின்றன. பஸ் வராத அரைமணி நேரத்தில் பேசாமல் வேறென்ன செய்வீர்கள்?

நெருக்கத்துக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால், புது ஊருக்குக் குடிபோனவர்களையும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் வைத்துச் செய்த ஆய்வை 2018-இல் வெளியிட்டார். அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்திருக்க வேண்டியிருந்தது என்றார். நம் ஊருக்கு அந்த எண்கள் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். நீங்கள் இருவரும் புதிதாய்ப் பழகுகிறவர்களும் அல்ல. ஆனால் எண்ணின் அளவைப் பார். மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை, ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம் காபிக் கடையில் சந்தித்தால் வருஷத்துக்கு 48 மணி நேரம். ஒரு வாரம் சேர்ந்து பயணம் செய்தால், தூங்கும் நேரம் போக நூறு மணி நேரத்துக்கு மேல் ஒன்றாக இருப்பீர்கள். இரண்டு வருஷத்து ஞாயிறுகள் ஒரே வாரத்தில் கைக்கு வருகின்றன. அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது: ஒரே இடத்தில் வேலை பார்த்துக் கழித்த நேரம் நெருக்கத்துக்கு அவ்வளவாக உதவவில்லை. நாமாக விரும்பி ஒதுக்கிக்கொடுக்கும் நேரத்துக்குத்தான் பலன்.

ரயிலையே எடுத்துக்கொள். சென்னையிலிருந்து கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் போகும் உழவன் எக்ஸ்பிரஸ் இரவு வண்டி. ஸ்லீப்பர் பெட்டியில் ஒரு தடுப்புக்குள் எதிரெதிராக ஆறு படுக்கை, நடைபாதைப் பக்கம் இரண்டு. நடுப் படுக்கையைத் தூக்கி மாட்டும்வரை பெரும்பாலும் எல்லோரும் கீழேதான் உட்கார்ந்திருப்பார்கள். ஆர்.ஏ.சி. டிக்கெட் கிடைத்தால் உங்கள் இருவருக்கும் பக்கவாட்டில் ஒரே கீழ்ப் படுக்கை விழலாம். ராத்திரி முழுக்கக் கால் நீட்ட இடமில்லாமல் எதிரெதிரே உட்கார்ந்து வருவீர்கள். இதைக் கஷ்டம் என்று சொல்வதில் தவறில்லை. ஆனால் ஹோட்டல் மேஜையில் ஒருவரையொருவர் நேராகப் பார்த்துக்கொண்டு சொல்ல வராத விஷயங்கள், இருட்டில் ஓடும் ஜன்னலைப் பார்த்தபடி சொல்ல வந்துவிடும். பேச்சு நின்றாலும் ரயிலில் அது யாரையும் உறுத்தாது. உன் தோழி அதிகம் பேசாதவள் என்று எழுதியிருந்தாயே, அவளுக்கு இது பெரிய விடுதலை. பேச வேண்டும் என்ற நெருக்கடி இல்லாத இடத்தில்தான் அப்படிப்பட்டவர்கள் பேசத் தொடங்குவார்கள்.

உன் அம்மா இதைப் படித்தால் ஒன்று கேட்பாள்: காசு பத்தாமல் போன பயணங்களில்தானே சிநேகிதம் முறிகிறது? கேள்வி சரியானதுதான். பசியும் தூக்கக் குறைவும் சேர்ந்தால் நல்ல மனுஷிகூடச் சிடுசிடுப்பாள். அதனால் எதில் மிச்சம் பிடிப்பது, எதில் பிடிக்கவே கூடாது என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். தூக்கம், குடிதண்ணீர், சுத்தமான கழிப்பறை, இருட்டிய பிறகு அறைக்குத் திரும்பும் வழி, இந்த நான்கிலும் ஒரு ரூபாய்கூட மிச்சம் பிடிக்காதீர்கள். நன்றாக விசாரித்து, குடும்பத்தோடு ஆட்கள் தங்கும் இடமாக எடுங்கள். திருவரங்கத்தில் அறநிலையத் துறையின் யாத்ரி நிவாஸ் இருக்கிறது. பெரிய ரயில் நிலையங்களில் ஓய்வறைகள் உண்டு. ரயிலில் ஏதாவது சங்கடம் என்றால் 139-ஐ அழைக்கத் தயங்காதே. மற்றதில் தாராளமாகச் சிக்கனமாக இருக்கலாம். நீங்கள் பார்க்கப்போகிறவற்றில் மிகப் பெரியவை காசே கேட்பதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் தாராசுரம் கோயிலுக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட்டே இல்லை. கும்பகோணத்தில் தங்கிக்கொண்டு தாராசுரம், சுவாமிமலை, பட்டீசுவரம் என்று ஒவ்வொன்றாக டவுன் பஸ்ஸில் போய்த் திரும்பலாம்.

சண்டை வருவது பெரும்பாலும் காசு குறைவாக இருப்பதால் இல்லை, காசைப் பற்றிப் பேசாமல் இருப்பதால். ஒருத்தியிடம் ஏழாயிரம் இருக்கிறது என்று வை. மற்றவள் வீட்டுக்கு அனுப்பியது போக நாலாயிரம்தான் மிச்சம், ஆனால் அதைச் சொல்லக் கூச்சம். முதல் நாள் இவள் ஆட்டோ என்கிறாள், அவள் வாயைத் திறக்காமல் ஏறிக்கொள்கிறாள். மூன்றாம் நாள் வேறு ஏதோ ஒரு அற்ப விஷயத்தில் வெடிக்கிறது. எதனால் என்று இருவருக்குமே புரிவதில்லை. நம் வீடுகளில் சம்பளத்தையும் கடனையும் வெளியில் சொல்லக் கூடாது என்று சொல்லித்தான் வளர்க்கிறோம். ஆனால் ஒரு வாரம் ஒரே பையிலிருந்து செலவு செய்யப்போகிறவர்கள் இதைப் பேசாமல் வேறு எதை மனம்விட்டுப் பேசிவிட முடியும்? இருவரில் யாரிடம் குறைவோ அவளால் முடிகிற தொகையைப் பயணத்தின் அளவாக வையுங்கள். அதை இரண்டு மடங்காக்கி ஒரே பர்ஸில் போட்டு, ஒருநாள் நீ, ஒருநாள் அவள் என்று செலவு செய்யுங்கள். அப்போது யார் யாருக்குக் கொடுத்தது என்ற கணக்கு இல்லாமல் போகும். எனக்கு இதுதான் இந்தக் கடிதத்திலேயே முக்கியமான யோசனை; மற்றதை மறந்தாலும் இதை மறக்காதே.

இன்னொரு மறுப்பு உனக்கே தோன்றும். தினமும் வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்கிறோமே, நேரில் ஒரு வாரம் இருந்தால்தான் நட்பா என்று. அப்படிக் கேட்பதற்குப் பெரிய சாட்சியும் நம்மிடம் உண்டு. உறையூர்ச் சோழன் கோப்பெருஞ்சோழனும் பாண்டிய நாட்டுப் புலவர் பிசிராந்தையாரும் பார்த்துக்கொள்ளாமலே நண்பர்களாக இருந்ததைப் புறநானூறு சொல்கிறது. பழகிப் பார்க்க வேண்டியதில்லை, ஒத்த உணர்ச்சி போதும் என்று வள்ளுவரும் கருதினார். நான் இதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கதையை முழுக்கப் பார்க்க வேண்டும். சோழன் உண்ணாமல் உயிர்விட முடிவு செய்து வடக்கிருந்தபோது, பிசிராந்தையார் வருவார், அவருக்கு ஓர் இடம் வையுங்கள் என்றான். அவரும் பாண்டிய நாட்டிலிருந்து புறப்பட்டு வந்து சேர்ந்தார். காணாமலே வளர்ந்த நட்பும் கடைசியில் ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும் என்றுதான் விரும்பியது. போனில் நீங்கள் அனுப்பிக்கொள்வது பெரும்பாலும் நடந்து முடிந்ததன் செய்தி. நடந்துகொண்டிருப்பதில் இரண்டு பேரும் சேர்ந்து இருப்பது வேறு.

எப்படிப் பேசுவது என்று நீ கேட்கவில்லை; ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது. 1915-இல் காந்தி தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பியபோது, ஒரு வருஷம் நாட்டைச் சுற்றிப் பார், பொது விஷயங்களில் கருத்துச் சொல்லாதே என்று அவர் அரசியல் குருவாக மதித்த கோகலே அவரிடம் வாக்கு வாங்கினார். மூன்றாம் வகுப்பில் ஏறிப் போன அவர், முதலில் கேட்கப் பழகினார். உன் வயதில் எல்லோருக்கும் சொல்வதற்கு நிறைய இருக்கும். தோழி தன் ஆபீஸில் நடந்ததைச் சொல்லத் தொடங்கியதும், எங்க ஆபீஸ்லயும் இப்படித்தான் என்று நீ உன் கதைக்குப் போய்விட்டால் அவள் கதை பாதியில் நின்றுவிடும். அதற்குப் பதில், அப்போ நீ என்ன பண்ணின, உனக்கு எப்படி இருந்துச்சு என்று அவள் சொன்னதற்குள்ளிருந்தே அடுத்த கேள்வியைக் கேள். ஹார்வர்டில் 2017-இல் வந்த ஓர் ஆய்வும், இப்படித் தொடர்ந்து கேட்கிறவர்களை மற்றவர்களுக்கு அதிகம் பிடிக்கிறது என்றே கண்டது. 1997-இல் உளவியலாளர் ஆர்தர் ஆரன் அறிமுகமில்லாத இருவரை உட்காரவைத்து 36 கேள்விகளை மாறிமாறிக் கேட்கச் சொன்ன சோதனை பிரபலமானது. அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு போய் அவளைப் பேட்டி காணாதே. அதில் எடுத்துக்கொள்ள வேண்டியது வரிசைதான்: லேசானதில் தொடங்கி, ஒருத்தி திறக்கும் அளவுக்கே மற்றவளும் திறந்து, படிப்படியாக ஆழத்துக்குப் போவது. உதாரணமாக, அவள் அப்பாவின் உடல்நிலையைப் பற்றி முதல் நாளே கேட்டுவிடாதே. மூன்றாம் நாள் அவளே சொல்வாள், நீ முந்திக்கொள்ளாமல் இருந்தால்.

மற்ற பயணிகளோடும் பேசுங்கள். சிகாகோவில் ரயிலிலும் பஸ்ஸிலும் வேலைக்குப் போகிறவர்களை வைத்து நிக்கோலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் செய்த ஆய்வு 2014-இல் வெளிவந்தது. தனியே இருப்பதுதான் சுகம் என்று பலர் எண்ணினார்கள்; ஆனால் பக்கத்து ஆளோடு பேசிப் பார்த்தவர்கள் பயணம் இன்னும் நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள். நம் ஊரில் பெண்களுக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும் என்பது உனக்குத் தெரியும்: பெண்களோடும் குடும்பங்களோடும் பேசு, தங்கும் இடத்தை யாரிடமும் சொல்லாதே. அதோடு, அவர்களை வேடிக்கை பார்க்கும் மனம் வந்துவிடக் கூடாது. உங்களுக்கு இது ஒரு வாரத் தேர்வு. முன்பதிவில்லாப் பெட்டியில் நின்றுகொண்டே வருகிறவர்களுக்கு அது தேர்வே இல்லை. மூன்றாம் வகுப்பில் அவ்வளவு பயணம் செய்த காந்தி, 1917-இல் அதைப் பற்றி எழுதியபோது அங்கிருந்த நெரிசலையும் அழுக்கையும் கண்டித்தார். ஏழைகளின் பயணம் என்று புகழ்ந்துகொண்டிருக்கவில்லை. நான் சிக்கனத்தைச் சொல்வதும் இல்லாமையைக் கொண்டாடுவதாக ஆகிவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

ஒருவேளை, ஒரு வாரம் சேர்ந்து இருந்த பிறகு உங்களுக்குள் ஒத்துவரவில்லை என்று தெரிந்தால்? அதுவும் நடக்கலாம். வள்ளுவர் நட்புக்கு ஓர் அதிகாரம் எழுதி, அடுத்ததாகவே நட்பு ஆராய்தலையும் எழுதினார். சேர்ந்து போய்ப் பார்த்து, இவளோடு பயணம் செய்ய முடியாது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை காபி குடிக்கலாம் என்று தெரிந்துகொண்டால் அதில் நஷ்டம் ஒன்றுமில்லை. அப்படியும் எத்தனையோ நல்ல உறவுகள் இருக்கின்றன.

கிளம்புவதற்கு முன் சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி'யை நூலகத்தில் எடுத்து, ஆளுக்குப் பாதியாகப் படித்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளுங்கள். இரண்டு நண்பர்கள் ஒரே ஆற்றைப் பார்த்து எழுதிய புத்தகம் அது. பூம்புகாரைக் கடைசி நாளுக்கு வையுங்கள். மயிலாடுதுறையிலிருந்து பஸ் இருக்கிறது. ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, பொங்கல் சமயம் என்றால் முதல் நாளே தீர்ந்துவிடும். அதற்கு முன்பாக, இந்த வாரமே, பணத்தைப் பற்றி அவளிடம் பேசிவிடு. உன்னிடம் எவ்வளவு இருக்கிறது என்று நீ முதலில் சொல்.

அன்புடன்,
உன் பெரியம்மா