ஒரு பாஸ், பல மலைகள்: பனிச்சறுக்குப் பயணத்துக்குப் பயனுள்ள குறிப்புகள்

கொலராடோவின் வேல் மாதிரி பெரிய பனிச்சறுக்கு மலையில், கூட்டமான நாளில் கவுன்டரில் போய் நின்றால் ஒரு நாள் டிக்கெட் 300 டாலரைத் தாண்டும். சீசன் முழுக்கப் பல மலைகளில் செல்லும் பாஸ்களில் பெரியவை எபிக், ஐகான் என்ற இரண்டு. 2025-26 சீசனுக்கான எபிக் பாஸ் விற்பனைக்கு வந்தபோது விலை 1,051 டாலர், ஐகான் பாஸ் 1,329 டாலர். அந்தக் கவுன்டர் விலையோடு ஒப்பிட்டால் ஐந்தாம் நாளிலேயே போட்ட காசு திரும்பிவிடும். இரண்டு மூன்று வாரம் தங்கிச் சறுக்க நினைப்பவர்கள் வேறு கணக்கே பார்க்க வேண்டாம். ஆனால் பாஸில் மிச்சம் பிடித்த காசை அறை வாடகையிலும் பெட்ரோலிலும் கோட்டைவிடுகிறவர்கள்தான் அதிகம். அதற்காகத்தான் இந்தக் குறிப்புகள்.

1. பாஸை வசந்த காலத்திலேயே வாங்கிவிடுங்கள். அடுத்த சீசனுக்கான பாஸ் மார்ச், ஏப்ரலில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். கோடையிலும் இலையுதிர் காலத்திலும் விலை படிப்படியாக ஏறும். வழக்கமாக டிசம்பர் தொடக்கத்தோடு விற்பனையே முடிந்துவிடும். கிறிஸ்துமஸ் லீவு நெருங்கட்டும் என்று காத்திருந்தால் ஒரு நாள் டிக்கெட்தான் கதி.

2. முதலில் ஊர், பிறகு பாஸ். பாஸ் கம்பெனியின் வரைபடத்தில் டஜன் கணக்கில் மலைகளைப் பார்த்ததும் எல்லாவற்றையும் தொட்டுவிட ஆசை வரும். கொலராடோவில் நான்கு நாள், யூட்டாவில் நான்கு நாள், அப்படியே டாஹோ ஏரி என்று திட்டம் போட்டால் பாதி லீவு காரிலேயே போய்விடும். இரண்டு வாரத்துக்கு ஒரே வட்டாரம் என்பது என் கட்சி. எபிக் பாஸ் என்றால் கொலராடோவின் பிரெக்கன்ரிட்ஜ், கீஸ்டோன், வேல், பீவர் கிரீக். ஐகான் என்றால் சால்ட் லேக் சிட்டியை ஒட்டிய ஆல்டா, ஸ்னோபேர்ட், பிரைட்டன், சாலிட்யூட். எந்தப் பக்கம் போனாலும் நான்கு மலைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

3. பக்கத்துப் பக்கத்து மலை என்றாலும் ஒரே பாஸ் செல்லும் என்று நம்பிவிடாதீர்கள். யூட்டாவில் பார்க் சிட்டி மலை எபிக்கில், அதை ஒட்டிய டீர் வேலி ஐகானில். இந்தப் பட்டியலும் நிரந்தரமல்ல. அரபஹோ பேஸின் பல ஆண்டுகள் எபிக்கோடு இருந்து, 2019இல் விலகி, இப்போது ஐகானில் இருக்கிறது. முன்பு போய்வந்த நண்பரின் யோசனையைக் கேளுங்கள், பட்டியலை மட்டும் இந்த ஆண்டுடையதாகப் பாருங்கள். இரண்டு குடும்பம் சேர்ந்து போவதானால் எல்லோருக்கும் ஒரே பாஸ்.

4. பொடி எழுத்தைப் படியுங்கள். ஒரே பாஸில் சில மலைகளுக்கு எத்தனை நாள் வேண்டுமானாலும் போகலாம், சிலவற்றுக்கு எண்ணி ஏழு நாள்தான். ஐகானில் ஆல்டாவுக்கும் ஸ்னோபேர்டுக்கும் சேர்த்தே ஏழு நாள். விலை குறைந்த பாஸ்களில் கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை, ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங் வார இறுதி, பிப்ரவரியில் அதிபர்கள் தின வார இறுதி ஆகிய நாட்களில் பல மலைகளுக்கு அனுமதி கிடையாது. பிள்ளைகளின் பள்ளி லீவும் அப்போதுதான் வரும்! பள்ளி லீவில் மட்டுமே போக முடிகிற குடும்பத்துக்கு மலிவு பாஸ் வீண் செலவு. சில மலைகளில் வரும் நாளையும், சிலவற்றில் கார் நிறுத்தும் இடத்தையும் முன்பதிவு செய்ய வேண்டியிருக்கும்.

5. வீட்டில் ஸ்னோபோர்டு ஓட்டுகிறவர் இருந்தால் ஆல்டாவையும் டீர் வேலியையும் அவருக்காக எண்ணாதீர்கள். இரண்டிலும் ஸ்கீக்கு மட்டும்தான் அனுமதி.

6. மலையடிவார ஹோட்டல் கண்ணுக்கு அழகு, பைக்குக் கேடு. நான்கைந்து மலைகளுக்கு நடுவில் இருக்கிற ஊரில், சமையலறையோடு கூடிய வீட்டை வாரக் கணக்கில் எடுங்கள். கொலராடோவில் அதற்குத் தோதான ஊர் ஃபிரிஸ்கோ. பிரெக்கன்ரிட்ஜும் கீஸ்டோனும் பக்கத்தில், வேல் ஒரு கணவாயைத் தாண்டினால் வந்துவிடும். சம்மிட் ஸ்டேஜ் என்ற உள்ளூர்ப் பேருந்து இலவசம். யூட்டாவில் பார்க் சிட்டியின் ஊர்ப் பேருந்துக்கும் கட்டணம் இல்லை.

7. உயரத்தை அலட்சியம் செய்யாதீர்கள். பிரெக்கன்ரிட்ஜ் ஊரே 9,600 அடி உயரத்தில் இருக்கிறது. அங்குள்ள மிக உயரமான லிஃப்ட் 12,840 அடி வரை ஏறும். கடலோர ஊரிலிருந்து விமானத்தில் வந்து இறங்கி மறுநாளே மேலே போனால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் வரிசையாக வரும். 5,280 அடியிலுள்ள டென்வரில் ஓரிரவு தங்கிப் போவது நல்லது. முதல் இரண்டு நாள் தண்ணீர் நிறையக் குடியுங்கள், மதுவைத் தவிருங்கள், சரிவுகளில் அரை நாளோடு நிறுத்துங்கள். முன்கூட்டியே மாத்திரை எடுக்கலாமா என்பதை ஊரில் இருக்கும்போதே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் யோசிக்க வேண்டாம், உடனே கீழே இறங்கி மருத்துவ உதவி தேடுங்கள்.

8. அந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 90 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். பானையில் வைத்த சோறு நறுக்கரிசியாகவே நிற்கும், பருப்பு மசியவே மசியாது. பெட்டியில் ஒரு சின்ன பிரஷர் குக்கருக்கு இடம் ஒதுக்குங்கள். அப்போதும் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு விசில் கூடுதலாக விடுங்கள்.

9. சனி, ஞாயிறு ஓய்வு. திங்கள் முதல் வெள்ளி வரை சறுக்கல். நாள் கணக்கில் டிக்கெட் எடுக்காததால் கிடைக்கிற பெரிய வசதி இதுதான். சனிக்கிழமை காலை டென்வரிலிருந்து மலைக்குப் போகும் ஐ-70 நெடுஞ்சாலையும், ஞாயிறு மதியம் அங்கிருந்து திரும்பும் பக்கமும் ஊர்ந்துதான் நகரும். விமான டிக்கெட்டையும் அந்த நேரங்களைத் தவிர்த்துப் போடுங்கள். துணி துவைப்பது, சாமான் வாங்குவது எல்லாவற்றையும் சனிக்கிழமைக்குத் தள்ளுங்கள்.

10. வாடகைக் காரை எடுக்கும் முன் டயரைக் குனிந்து பாருங்கள். ஐ-70இல் மாரிசன் முதல் டாட்செரோ வரை, செப்டம்பர் 1 முதல் மே 31 வரை, பனிக்கேற்ற டயரோ நான்கு சக்கர இயக்கமோ இருக்க வேண்டும், இல்லையேல் சங்கிலி வைத்திருக்க வேண்டும் என்பது கொலராடோ சட்டம். முதலிரண்டு வகையிலும் டயர் பள்ளம் ஓர் அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்காவது இருக்க வேண்டும். வாசலில் நிற்கும் எல்லாக் காரும் இதற்குத் தேறாது.

11. ஆல்டாவுக்கும் ஸ்னோபேர்டுக்கும் போகும் லிட்டில் காட்டன்வுட் பள்ளத்தாக்குச் சாலையை, பெரும்பனி விழுந்த காலையில் பனிச்சரிவு அபாயத்தால் மூடிவிடுவது சகஜம். சால்ட் லேக் சிட்டியில் தங்கியிருப்பவர்கள் விடிந்ததும் சாலை நிலவரம் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். மூடியிருந்தால் டீர் வேலி பக்கம் வண்டியைத் திருப்பலாம்.

12. பாஸ் அட்டையை ஜாக்கெட்டின் ஒரு பையில் தனியாக வையுங்கள். அதில் சிப் இருக்கிறது, லிஃப்ட் வாசலில் பைக்குள்ளிருந்தே படித்துக்கொள்ளும். கூடவே செல்போனோ வேறு அட்டையோ இருந்தால் கதவு திறக்காமல் முரண்டு பிடிக்கும், பின்னால் வரிசை நீளும்.

13. பூட்ஸுக்குள் ஒரே ஒரு மெல்லிய சாக்ஸ் போதும். இரண்டு போட்டால் ரத்த ஓட்டம் தடைபட்டுக் குளிர்தான் கூடும். இரவில் பூட்ஸைக் காரில் விடாதீர்கள். குளிரில் பிளாஸ்டிக் விறைத்து, காலையில் கால் உள்ளே போகாது. உள் லைனரை உருவி, செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வையுங்கள், விடிவதற்குள் ஈரம் இழுத்துவிடும். ஹீட்டர் மேல் வைத்தால் லைனர் கெடும்.

14. சாப்பிடப் போகும்போது ஸ்கீ ஜோடியைப் பிரித்து, ஒன்றை இந்த ஸ்டாண்டிலும் மற்றொன்றை அந்த ஸ்டாண்டிலும் மாட்டுங்கள். ஒற்றை ஸ்கீயை யாரும் திருட மாட்டார்கள். ஒரே மாதிரி வாடகை ஸ்கீ நூறு நிற்கும் இடத்தில் உங்களுடையதை யாராவது தவறாக எடுத்துப் போவதும் இதனால் குறையும்.

15. சறுக்கும்போது அணியும் கண்ணாடியின் உள்பக்கத்தைத் தேய்க்காதீர்கள், கீறல் விழும். மேகமூட்டமாக இருந்தாலும் சன்ஸ்கிரீன் கட்டாயம்.

16. புதிதாகக் கற்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பாஸில் பயிற்சி வகுப்பும் ஸ்கீ வாடகையும் சேராது. அதற்குத் தனிப் பணம் எடுத்து வையுங்கள். பச்சை வட்டம் போட்ட சரிவுகளில் நன்றாகத் தேறிய பிறகுதான் நீலச் சதுரம். கறுப்பு வைரம் அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும்.

17. இந்தியாவிலிருந்து பெற்றோரோ தம்பி தங்கையோ வந்து சேர்ந்துகொண்டால், அவர்களுடைய பயணக் காப்பீட்டில் பனிச்சறுக்கு அடங்குகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சாகச விளையாட்டு என்று தள்ளிவிடும் பாலிசிகள் உண்டு. அமெரிக்காவில் ஒரு எலும்பு முறிவுக்கு ஆகும் செலவு பாஸ் விலையைப் பலமடங்கு தாண்டிவிடும்.

18. பாஸ் ஒருவர் பெயருக்கு மட்டுமே. வாசலில் படிக்கும்போதே உங்கள் புகைப்படம் ஊழியரின் திரையில் வந்துவிடும். இன்று எனக்குக் கால் வலி, நீ போய்வா என்று மச்சானிடம் கொடுத்து அனுப்பினால் பாஸைப் பறிமுதல் செய்துவிடுவார்கள், போன பணம் திரும்பாது.