மடிநோய்க்கு மஞ்சளும் கற்றாழையும்

கேள்வி: லயத்தில் பசு வளர்க்கிறோம். மடிநோய்க்கு ஊசி போட்டால் "மருந்துப் பால்" என்று வாங்குபவர்கள் ஒதுக்குகிறார்கள். கைமருந்து என்றால் "இதில் சுகமாகுமா?" என்கிறார்கள். என்ன செய்வது?
— வாசகி, ஹட்டன்

பதில்: இரண்டு சந்தேகமும் நியாயமானவை, அம்மா. ஊசியில் உள்ள அன்டிபயோட்டிக் சில நாள் பாலில் வரும்; காய்ச்சினாலும் முழுதாகப் போகாது. மிருக வைத்தியர் சொன்ன நாள் முடியும்வரை நான்கு காம்புப் பாலையும் கொட்டத்தான் வேண்டும். பால் காசை நம்பியிருக்கும் வீட்டுக்கு அது பெரிய அடி. ஆனாலும் விற்கக் கூடாது. அந்தப் பாலைக் குடிப்பதும் குழந்தைகள்தானே!

கைமருந்தை லேசாக நினைக்க வேண்டாம். தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் பேராசிரியர் புண்ணியமூர்த்தி வகுத்த முறையை இந்தியாவின் தேசிய பால்வள வாரியமே பரப்புகிறது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50, சுண்ணாம்பு 15. அரைத்தால் விழுது செங்கல் நிறமாகும். பாலைக் கறந்து, மடியைக் கழுவி, ஒரு கைப்பிடி விழுதைத் தண்ணீரில் கரைத்து மடி முழுக்கப் பூசுங்கள். நாளுக்குப் பத்துத் தடவை, ஐந்து நாள். கொழுந்து பறிக்கப் போகிறவரால் இது முடியாது. வீட்டிலிருக்கும் பெரியவர் பொறுப்பேற்க வேண்டும்.

காய்ச்சல் அடித்தால், பசு தீனி எடுக்காவிட்டால் தாமதிக்காமல் வைத்தியரை அழையுங்கள். அப்போது ஊசிதான் உயிர் காக்கும்.

வாங்குபவர்களிடம் எதையும் மறைக்காதீர்கள். எந்த நாள் ஊசி, எந்த நாள் முதல் பால் என்று சொன்னால் நம்புவார்கள்.

நோய் வராமலும் தடுக்கலாம். கறந்ததும் புல் போடுங்கள். காம்புத் துளை மூடும்வரை, அரை மணி நேரமாவது, பசு படுக்காமல் நிற்கும்.