அழுத்தி மிதித்தால் வழுக்குகிறதா?

தங்கச்சி, சைக்கிளில் மேம்பாலம் ஏறும்போது எழுந்து நின்று மிதித்தால் பெடல் 'டக்'கென்று நழுவுகிறது என்றாயே, உடனே புதுச் செயின் வாங்க ஓடாதே. ப்ளஸ் டூ படிக்கும்போது எனக்கும் இதே கோளாறு. கடையில் செயினை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். வழுக்கல் முன்னைவிட மோசமாகி, மறுநாளே விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டேன். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

வழுக்குவது எது என்று முதலில் கண்டுபிடி. செயின் கவரைக் கழற்று. முன் சக்கரத்தைச் சுவரில் முட்டவிட்டு, பின் பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு பெடலைக் காலால் அழுத்து. தம்பியைப் பின்னால் உட்கார்ந்து பார்க்கச் சொல். செயின் பக்கம் அவன் கையோ உன் துப்பட்டாவோ போகக் கூடாது.

செயின் பல்லின் மேல் ஏறிக் குதித்தால், தேய்மானம்தான். இதற்கு ஒரு இரும்பு ஸ்கேல் போதும். செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையே சரியாக அரை அங்குலம். ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலின் பூஜ்யத்தை வைத்தால், 24 கண்ணி தள்ளி இருக்கும் பின் 12 அங்குலக் கோட்டில் நிற்க வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டர் தாண்டியிருந்தால் செயினை மாற்று. மூன்று மில்லிமீட்டர் தாண்டியிருந்தால் பின் சக்கரத்தின் பல்சக்கரமான ஃப்ரீவீலையும் சேர்த்து மாற்று. நீண்டுபோன செயினோடு பல்லும் சேர்ந்தே தேய்ந்திருக்கும். புதுச் செயின் அந்தப் பல்லில் உட்காராது. நான் விழுந்ததும் அதனால்தான். சுறா மீன் துடுப்பு மாதிரி பல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அளக்கவே வேண்டாம்.

அளவு சரியாக இருந்தும் குதித்தால், பெடலைப் பின்னோக்கி மெதுவாகச் சுற்று. ஏதாவது ஒரு கண்ணி மடங்கியபடியே வருகிறதா பார். அதில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு இப்படியும் அப்படியும் அசைத்துக் கொடு. செயின் தொங்கினாலும் குதிக்கும். நடுவில் விரலால் தூக்கினால் அரை அங்குலம் ஆடலாம், அதற்கு மேல் கூடாது. இறுக்கிய சில நாளிலேயே மறுபடி தொங்கினால் பின் சக்கர நட்டைப் பார். நட்டு லூஸாக இருந்தால் மிதிக்கிற வேகத்தில் சக்கரம் முன்னால் நகர்ந்துவிடும்.

செயின் பல்லில் ஒழுங்காக இருக்கிறது, ஆனால் சக்கரம் நிற்க, பல்சக்கரம் மட்டும் வெறுமனே சுற்றுகிறது என்றால், ஃப்ரீவீலுக்குள் பிடித்துக்கொள்ளும் சின்ன இரும்பு நாக்குகள் ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது உடைந்திருக்கும். மண்ணெண்ணெய் விட்டுச் சுழற்றிக் கழுவி, மெஷின் எண்ணெய் போடு. தேங்காய் எண்ணெய் வேண்டாம்மா, பிசுக்காகி மண்ணைப் பிடிக்கும். கழுவியும் வழுக்கினால் ஃப்ரீவீலை மாற்றுவதுதான் ஒரே வழி.

இன்னொன்று, பலரும் ஏமாறுகிற இடம். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில், முக்கியமாக இடது கால் அழுத்தும்போது, 'டொக்' என்று இடித்தால் அது செயினே இல்லை. பெடல் மாட்டியிருக்கும் கிராங்க்கைப் பிடித்திருக்கும் காட்டர் பின் தளர்ந்திருக்கிறது. தளர்ந்த பின்னோடு ஓட்டினால் அதுவும் தேயும், ஆக்சிலும் தேயும். அன்றைக்கே கடைக்குப் போய்ப் புதுப் பின் அடித்துக்கொள்.

சரியாகும்வரை எழுந்து நின்று மிதிக்காதே, கண்ணு. மேம்பாலத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போ.