பென்சிலுக்கு முன் விரல்கள்

ஜூன் மாதம் முதல் வகுப்பில் சேரும் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு பென்சிலைக் கொடுத்துப் பாருங்கள். சிலர் மூன்று விரல்களால் பிடிப்பார்கள். சிலர் கரண்டியைப் பிடிப்பதுபோல் கைக்குள் இறுக்கிக்கொண்டு, தாள் கிழியும் வரை அழுத்துவார்கள். இன்னும் சிலருடைய கோடு கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மெலிதாக விழும். இரண்டு வாரங்களுக்குள் இவர்களுக்கு ‘எழுத வராத பிள்ளைகள்’ என்று பெயர் வந்துவிடுகிறது. அந்தப் பெயர் மூன்றாம் வகுப்பு வரை கூடவே வரும். ஆனால் அவர்களில் பலருக்கு எழுத்து தெரியும். ‘ப’ அட்டையை எடு என்றால் சரியாக எடுத்துத் தருவார்கள். விரல்தான் இன்னும் தயாராகவில்லை.

மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உள்ளன. பிறக்கும்போது இவை குருத்தெலும்பாகவே இருக்கும். பின்னர் ஒவ்வொன்றாக எலும்பாக மாறி, ஆறேழு வயதில்தான் ஏழு எலும்புகள் உருவாகின்றன. எட்டாவது எலும்பு தோன்ற எட்டு வயதுக்கு மேலாகும். அசைவின் கட்டுப்பாடும் தோளிலிருந்து முழங்கை, மணிக்கட்டு, விரல் என்று மெல்ல இறங்கி வருகிறது. நம் எழுத்துகளும் லேசுப்பட்டவை அல்ல. ‘ட’, ‘ப’ நேர்கோடுகளில் முடிந்துவிடும். ‘அ’, ‘ஞ’, மூன்று சுழி ‘ண’ ஆகியவற்றுக்குப் பென்சிலை எடுக்காமலேயே விரல் நுனியில் திசையை மாற்றிக்கொண்டு போக வேண்டும். ஐந்து வயதுக் கையிடம் அதைப் பக்கம் பக்கமாகக் கேட்பது நியாயமில்லை.

திண்ணைப் பள்ளிகளில் முதலில் மணலில்தான் விரலால் எழுத வைத்தார்கள். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரி, உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி ஒட்டி, குழந்தைகளை விரலால் தடவச் செய்தவர். இரண்டிலும் விரல்தான் முதலில், எழுதுகோல் பிறகுதான்.

மதுரைப் பக்கத்து ஆசிரியர்களுக்கு இதற்கான பொருள்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. விளாச்சேரியில் களிமண் பொம்மை செய்கிறார்கள். சுங்குடிச் சேலைக்குத் துணியை நுனிவிரலால் கிள்ளி எடுத்து நூல் சுற்றி முடிச்சுப் போடுகிறார்கள். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியைக் கட்டாத தெரு இங்கே குறைவு. வாசலில் கோலமாவு இருக்கிறது. இந்த வேலைகளுக்கெல்லாம் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும்தான் வேண்டும். பென்சில் பிடிக்கத் தேவைப்படுவதும் அதே மூன்று விரல்கள்தாம்.

என் வகுப்பில் முதல் ஆறு வாரங்கள் நோட்டுக்கு அதிக வேலை இருக்காது. களிமண்ணை உருட்டிப் பாம்பாக்கி, அதை வளைத்து எழுத்தாக்குவோம். கடலைக்காய் உரிப்போம். பழைய துணித்துண்டில் கடலைப்பருப்பை வைத்து நூல் சுற்றி, ‘சுங்குடி’ போடுவோம். பல்லாங்குழியில் ஒரு கை நிறையப் புளியங்கொட்டையை அள்ளி, உள்ளங்கையிலிருந்து விரல் நுனிக்கு ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து குழியில் போடுவது பெரியவர்கள் நினைப்பதைவிடக் கடினமான வேலை. (கொட்டைகளைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் எண்ணிவிடுங்கள். மூக்கில் திணித்துக்கொள்ளும் பிள்ளை எல்லா வகுப்பிலும் ஒன்று உண்டு.) கோர்ப்பதற்கு ஊசி வேண்டாம். நூலின் முனையில் பசை தடவிக் காயவைத்தால் விறைத்துக்கொள்ளும், உறிஞ்சு குழல் துண்டுகளை எளிதாகக் கோர்க்கலாம். பூ கோர்ப்பதென்றால் செவ்வந்தி நல்லது. அரளி நஞ்சு, வகுப்புக்குள் வரவே கூடாது.

உடைந்த சுண்ணக்கட்டியைத் தூக்கி எறியாதீர்கள். விரற்கடை நீளமே உள்ள துண்டை முழுக்கையால் பிடிக்க இடமிருக்காது, மூன்று விரல்கள் தாமாகவே வந்து சேரும். செயல்வழிக் கற்றல் காலத்தில் சுவரோடு அமைத்த கீழ்மட்டக் கரும்பலகைகள் பல பள்ளிகளில் இன்று அட்டவணை ஒட்டும் இடமாகிவிட்டன. நிமிர்ந்த பரப்பில் எழுதும்போது தோளும் மணிக்கட்டும் வலுப்பெறும். அவற்றை மீண்டும் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

இதற்குத் தடை வருவது பெற்றோரிடமிருந்துதான். “பக்கத்து வீட்டுப் பிள்ள ஏபிசிடி முழுசா எழுதுது டீச்சர். இவன் இன்னும் மண்ணத்தான் பெசஞ்சுக்கிட்டு இருக்கான்” என்று ஓர் அம்மா ஜூலை மாதம் வந்து நின்றார். மாற்றுச் சான்றிதழ் கேட்கத்தான் வந்திருந்தார். அவருடைய மகன் முதல் நாள் வரைந்த கோட்டையும் அன்று காலை வரைந்த கோட்டையும் எடுத்துக் காட்டினேன். பிறகு அவனை அழைத்துச் சட்டைப் பொத்தானைப் போடச் சொன்னேன். ஐந்தையும் போட்டான். “இத வீட்டுல நாந்தான போட்டு விடுறேன்!” என்றார். சான்றிதழ் பேச்சு அதோடு நின்றது. அன்றிலிருந்து ஒவ்வொரு பிள்ளையின் முதல் நாள் கோட்டையும் தேதியிட்டு எடுத்து வைக்கிறேன். பெற்றோரிடம் பத்து நிமிடம் பேசுவதைவிட அந்தத் தாளைக் காட்டுவது பயன் தருகிறது.

விரல் எல்லாவற்றுக்கும் காரணமாகிவிடாது. என்னிடம் இரண்டாம் வகுப்பு படித்த ஒரு மாணவி எழுதவே மாட்டாள். விரல் பயிற்சி வேண்டும் என்றே யாரும் நினைப்பார்கள். ஒருநாள் வகுப்பில் பூக்கட்டும்போது, மற்றவர்கள் முதல் முடிச்சிலேயே திணறிக்கொண்டிருக்க, அவள் ஒரு முழம் கட்டி முடித்திருந்தாள். வீட்டில் கூலிக்குப் பூக்கட்டுகிறார்கள். விடியற்காலையில் எழுந்து பாட்டியோடு உட்கார்ந்து அவளும் கட்டுகிறாள். அவள் விரலில் ஒரு குறையும் இல்லை, தூக்கம்தான் போதவில்லை. பாட்டியிடம் பேசினேன். “பழகுனா நல்லதுதானம்மா?” என்றார். “அரை மணி நேரம் பழகலாம்மா. விடிய விடியக் கட்டுனா அது வேலை” என்றேன். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. சில வாரங்களுக்குப் பின் காலையில் எழுப்புவதை நிறுத்தினார், மாலையில் மட்டும் கட்ட வைக்கிறார். வகுப்பில் நாம் தரும் பூவும் களிமண்ணும் விளையாட்டாகவே இருக்கட்டும். அளவு சொல்லிக் கட்டச் சொன்னால் அதுவும் கூலி வேலையின் சாயலாகிவிடும்.

யாருக்கு விரல் பயிற்சி தேவை என்று அறியத் தனித் தேர்வு வேண்டாம். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் இந்த வகையில் எனக்குப் பெரிய உதவி. உப்புமாவையோ பொங்கலையோ பிள்ளை எப்படி எடுக்கிறது என்று பாருங்கள். விரல் நுனியில் சேர்த்து எடுக்கிறதா, உள்ளங்கையால் அள்ளுகிறதா, பாதி வழியில் சிந்துகிறதா? எந்தக் கை முந்துகிறது என்பதும் அங்கேயே தெரியும். இடது கை முந்தினால் எழுதவும் இடது கையே இருக்கட்டும். தாளைச் சற்று வலப்புறம் சாய்த்து வைத்து, அந்தப் பிள்ளையை வரிசையின் இடது ஓரத்தில் உட்கார வையுங்கள், பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்காது.

மூன்று நான்கு மாதம் விளையாடியும் பொத்தான் போட வராத, ஒரு கையை மட்டும் ஒதுக்கி வைத்திருக்கும், அடிக்கடி பொருளை நழுவவிடும் பிள்ளை இருந்தால் ‘போகப் போகச் சரியாகும்’ என்று காத்திருக்க வேண்டாம். வட்டார வள மையச் சிறப்பாசிரியரிடம் சொல்லுங்கள். அவர் வரும் நாளில் வாய்ச்சொல்லோடு நிறுத்தாமல், தேதியிட்ட கோட்டுத் தாள்களையும் அவர் கையில் கொடுங்கள்.